இரண்டு ஏக்கருக்கு அறுபத்தெட்டுப் புடவைகள்

நான் திருச்சி கே.கே. நகரில் ரவிக்கை தைக்கிறவள். எட்டுக்குப் பத்து அளவில் ஒரு கடை, இரண்டு மெஷின், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. இருபது வருஷமாக அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, “கை இறுக்குதே” என்று குறைசொல்லும் பெண்களுக்கு, “துணி சுருங்கியிருக்குங்க” என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள்தான் சதை போட்டுவிட்டீர்கள் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. தொழிலில் அவ்வளவு நாசூக்கு. கடைக்கு வெளியே என் வாய் வேறு மாதிரி. அந்த வாயால்தான் போன வருஷம் என் நிலத்தையே பந்தயத்தில் வைத்தேன்.

நிலம் வையம்பட்டிப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கால்மணி நேரம் நடந்தால் வருகிற செம்மண் பூமி. அப்பா இறந்த பிறகு பிரித்ததில் அண்ணனுக்கு மூன்று ஏக்கர், எனக்கு இரண்டு. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு நிலம் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது, அண்ணனே முன்னால் நின்று என் பெயரில் பத்திரம் எழுத வைத்தார். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால் அவரோடு சண்டை போடும்போதுகூடக் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் போடுவேன்.

ஐந்து ஏக்கரையும் சேர்த்து அவர்தான் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வருஷத்துக்கு ஒருமுறை கடலை மூட்டை வரும். நானும் என் வீட்டுக்காரரும் அதை எண்ணெய்க்கு ஆட்டியதுபோக மிச்சத்தை வறுத்துத் தின்று தீர்ப்போம். என் வீட்டுக்காரர் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். விவசாயத்தில் அவருக்குத் தெரிந்தது அந்த வறுத்த கடலை மட்டும்தான்.

மூன்று வருஷமாக மூட்டை குறைந்துகொண்டே வந்தது. காரணம் காட்டுப்பன்றி. நிலத்துக்கு மேற்கே ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சின்னக் குன்றாக ஒரு கரடு, அதைத் தாண்டினால் காடு. பன்றிகள் ஓடையோடு இறங்கி வரும். தின்றுவிட்டுப் போனால்கூட மனசு ஆறும். மூக்கால் உழுதுவிட்டுப் போகும். காலையில் வந்து பார்த்தால் டிராக்டர் விட்ட மாதிரி மண் புரண்டு கிடக்கும், செடியெல்லாம் வேர் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். அண்ணன் வெடி போட்டார், தகர டப்பா கட்டினார், மிளகாய் வற்றலைப் போட்டுப் புகை மூட்டினார். புகையில் அண்ணிக்குத்தான் இருமல் வந்தது. கடைசியில் கம்பி இழுத்துக் கரண்டு விடலாமா என்று யோசித்தார். அண்ணி ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார்.

“பன்னி செத்தாலும் கேஸு, ஆடு ஓட்டிக்கிட்டு வர்றவ செத்தாலும் கேஸு. அப்புறம் நான் ஜெயிலுக்குச் சோறு தூக்கிக்கிட்டு அலையணும்.”

அந்த நேரம் பார்த்து, மனை போட்டு விற்கிற ஒருவர் நிலம் கேட்டு வந்திருக்கிறார். ஐந்து ஏக்கரும் சேர்ந்தால்தான் வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது என் இரண்டு ஏக்கர். அது இல்லாமல் அண்ணனுடைய மூன்றுக்கு வழியே கிடையாது.

அண்ணன் அதுவரை என் கடைக்கு வந்ததே இல்லை. அன்று மத்தியானம், மஞ்சள் பையில் ஒப்பந்தத்தின் நகலோடு வந்து நின்றார். கடையில் இரண்டு பெண்கள் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைப் பார்க்காமலும் அவர்களைப் பார்க்காமலும் தரையைப் பார்த்துப் பேசினார்.

“ஒரு கையெழுத்துதாம்மா. பாதிப் பன்னி திங்குது, பாதி கூலிக்குப் போகுது. எனக்கும் முட்டி வலிக்குது.”

“அண்ணே, நான் விக்கல.”

“நீ ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு விக்கலங்குற. பன்னிக்கு யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வாங்க முடியாது. ஆடிப் பட்டத்தில் என் இரண்டு ஏக்கரில் நானே கடலை போடுகிறேன் என்றேன். கடலை வீடு வந்து சேர்ந்தால் நிலத்தை விற்கிற பேச்சை இனிமேல் எடுக்கக் கூடாது. பன்றிக்குப் போனால் ஐப்பசியில் நானே வந்து கையெழுத்துப் போடுவேன்.

“போன வருஷம் மாதிரி அரைவாசி போச்சுன்னா?”

“அரைவாசி எதுக்குண்ணே? கால்வாசி போனாலே நான் தோத்ததா வச்சுக்கங்க.”

அண்ணன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் துணியில் குனிந்து கிடக்கிறவளுக்கு, தன் பெயரில் இருக்கிற இரண்டு ஏக்கர் என்றால் என்ன என்று அவருக்கு எப்படிச் சொல்வது? விற்றுத் தின்ன வேண்டிய நிலைமை வந்தால் விற்பேன். பன்றிக்குப் பயந்து விற்க மாட்டேன்.

வேலி யோசனை ஏற்கெனவே எனக்குள் இருந்தது. மணப்பாறை தாண்டிப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகச் சில வயல்களைச் சுற்றிப் பழைய புடவைகள் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பயிரைப் பார்ப்பார்கள். நான் புடவையைப் பார்ப்பேன். இந்த மாம்பழக் கலருக்கு என்ன ரவிக்கை போட்டிருப்பாள் என்று யோசிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். பன்றி வராமலிருக்கத்தான் கட்டுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். எப்படிக் கட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. துணி விஷயத்தில் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்கிற திமிர்.

இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வயலைச் சுற்றி அளந்தேன். உழவு ஓட்ட வந்திருந்த டிராக்டர்காரர் சிரித்தார். “இடுப்பு எவ்வளவு வருதுக்கா?” என்று கேட்டார். நான் கணக்குப் போட்டதில் எழுபதுக்குப் பக்கத்தில் புடவை வேண்டியிருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டேன். எதிர் அபார்ட்மெண்டில் ஒரு வாடிக்கையாளர் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இரண்டே நாளில் கடைக்குள் என்னாலேயே நுழைய முடியவில்லை. பீரோவில் இவ்வளவு வெறுப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. “இது என் நாத்தனார் எடுத்துக் குடுத்தது. நல்லாப் பன்னி மிதிக்கட்டும்” என்று ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி இருக்கிறார். அவருடைய மருமகள் கே.கே. நகரில் என் வாடிக்கையாளர். அந்தப் பழக்கத்தில் மாமிக்கும் நான்தான் ரவிக்கை. மாமி கட்டுவது ஒன்பது கஜம். ஒரு புடவை ஒன்றரைப் புடவைக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி அவர் வீட்டுக்கே போய்விட்டேன். விஷயத்தைக் கேட்டதும் மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“ஏண்டிம்மா, பெருமாளே வராகமா வந்துதானே பூமியைத் தூக்கினார்? என் புடவையக் கட்டிண்டு அவரையா வெரட்டப் போறே?”

“அவர் பூமியத் தூக்கினாப் பரவால்ல மாமி. கடலையத் தூக்குறாரு.”

மாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உள்ளே போய்ப் பதினோரு புடவை கொண்டுவந்து அடுக்கினார். எல்லாம் தோய்த்து உலர்த்தி, மூலை தப்பாமல் மடித்தவை.

மொத்தம் அறுபத்தெட்டு சேர்ந்தது. இனிமேல்தான் நான் செய்த காரியம். யாரோ கட்டி அவிழ்த்த துணியை அப்படியே என் வயலில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அத்தனையையும் வாஷிங் மெஷினில் போட்டு, வாசனை வர வைக்கும் திரவம் ஊற்றித் துவைத்தேன். இஸ்திரி போட்டேன். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டேன். மேல் ஓரத்தை மடித்து, கயிறு நுழைகிற மாதிரி நீளமாகத் தைத்தேன். ராத்தூக்கம் கெட்டு, இருபது கல்யாணத்துக்குத் தைத்த மாதிரி இடுப்பு போய்விட்டது. என் வீட்டுக்காரர் பட்டறையில் கிடந்த பழைய கம்பிகளை ஆள் இடுப்பு உயரத்துக்கு அறுத்து, முனை கூராக்கிக் கொடுத்தார்.

விதைத்த அன்றே வேலியைக் கட்டினோம். நான்கு பக்கமும் கயிறு இழுத்து, புடவையின் அகலம் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கவிட்டு, கீழே கல் வைத்தோம். காற்றடித்தபோது அறுபத்தெட்டும் ஒன்றாக அசைந்தன. செம்மண்ணுக்கு நடுவில் அவ்வளவு நிறத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு விம்மியது. வேலியின் முன் நின்று போட்டோ எடுத்து அபார்ட்மெண்டுக்கு அனுப்பினேன். ஐம்பது கைதட்டல் வந்தது.

நான்காம் நாள் காலை அண்ணி போன் செய்தார். “பதறாம வா” என்றார். அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பதறாது?

ஓடைப் பக்க மூலை புரண்டு கிடந்தது. முளை விட்டும் விடாமலும் இருந்த விதைக் கடலையை வரிசை பிடித்த மாதிரி தோண்டித் தின்றிருந்தன. மாமியின் அரக்குப் புடவை ஒன்று பாதி கிழிந்து சேற்றில் கிடந்தது. அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புரண்ட இடத்தைக் காலடியால் அளந்தார். பிறகு சொன்னார்.

“எட்டுல ஒரு பங்கு போச்சு. மறுபடி விதைச்சுக்க. ஆனா அது கணக்குல சேராது.”

நியாயம்தான். கால்வாசி என்று வாய் விட்டது நான். அதில் பாதி போய்விட்டது. பயிர் முளைக்கும் முன்பே பாதித் தோல்வி.

களைக்கு வருகிற பெண்கள் அன்று பக்கத்து வயலில் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அம்மாள். என் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் ஒலிபெருக்கி. வந்து ஒரு புடவையை மூக்கருகே எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

“டெய்லரக்கா, என்னாங்க இது? துவைச்சு, இஸ்திரி போட்டு, செண்டு வேற அடிச்சு... பன்னிக்கு நிச்சயதார்த்தமா?”

“ஏன், புடவையப் பார்த்தா பயப்படும்னுதானே சொன்னாங்க?”

“அதுக்குக் கண்ணு மட்டம்க்கா. எல்லாம் மூக்குதான். மனுச வேர்வை அடிச்சாத்தான் ஆளு நிக்குதுன்னு நினைச்சு ஒதுங்கும். உங்க புடவையில சோப்புக் கடைதான் அடிக்குது.”

எனக்கு அவமானத்தில் காது சுட்டது. இருபது வருஷம் துணியைத் தொட்டுத் தொழில் செய்கிறவள். துணியிலிருந்து அது யாருடையது என்பதையே துவைத்து எடுத்துவிட்டேன்.

துவைக்காத புடவைக்கு எங்கே போவது? ஒரு நப்பாசையில் மாமிக்குப் போன் செய்தேன். கட்டி அவிழ்த்ததைத் துவைக்காமல் அப்படியே தர முடியுமா என்று கேட்டேன். “விழுப்புப் புடவையையா? என்னத்தப் பேசறே நீ? மடியா இருக்கற ஆத்துல இப்படியெல்லாம் கேக்கலாமோ?” என்று வந்தது. மன்னிப்புக் கேட்டு வைத்தேன். அபார்ட்மெண்டில் கேட்கிற தைரியம் அதற்குமேல் இல்லை.

திருச்சிக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அது தோன்றியது. வேர்வை வேண்டும், அவ்வளவுதானே? வேர்வைக்கு என் வயலில் என்ன பஞ்சம்? களை வெட்டுகிற பெண்கள் வெயிலில் நனைந்து போகிறார்கள். அவர்களே இந்தப் புடவைகளை ஒருநாள் உடுத்திக்கொண்டு களை வெட்டினால்?

முதல் களைக்கு ஆள் வந்த அன்று கேட்டேன். தலைவி அம்மாள் உடனே பேரத்துக்கு வந்தார்.

“வேர்வையத் தர்றோம். கடலை புடுங்குனதும் யாரு யாரு எதக் கட்டுனாங்களோ அது அவங்களுக்கு. சரியா?”

சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வயலில் நடந்தது தீபாவளிக் கூட்டம். கிளிப் பச்சைப் புடவை ஒன்றுக்கு மூன்று பேர் சண்டை. கடைசியில் பூவா தலையா போட்டுத் தீர்த்தார்கள். ஒன்பது கஜத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவர் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, பக்கத்திலிருந்தவரையும் சேர்த்துச் சுற்றினார். இரண்டு பேரும் ஒரே புடவைக்குள் ஒட்டிக்கொண்டு அரை வரிசை களை வெட்டினார்கள். பிறகு சிரிப்பு தாங்காமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மேல் ஓரத்தில் நீளமாகத் தைத்த மடிப்பு இருந்தால் புடவையைக் கயிற்றிலிருந்து கழற்றவே அரைநாள் ஆகும். அறுபத்தெட்டிலும் அந்தத் தையலைப் பிரித்தேன். பதிலாக முழத்துக்கு ஒரு நாடா வைத்துத் தைத்தேன். இப்போது கயிற்றில் கட்டவும் அவிழ்க்கவும் நிமிஷம் போதும். காலையில் அவிழ்ப்பார்கள், வேலை செய்யும் புடவைக்கு மேலேயே சுற்றிக்கொள்வார்கள், சாயங்காலம் வேர்வையோடு திரும்பக் கட்டிவிட்டுப் போவார்கள். ஒரு சுற்று முடிய ஐந்து நாள் ஆனது. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் களைக்கொத்தைப் பிடித்தேன். என் உள்ளங்கையில் ஊசி குத்திய தழும்புக்குப் பக்கத்தில் கொப்புளம் வந்தது. அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

அந்த மாதம் பன்றி வரவில்லை. இரண்டாவது களையின்போது இன்னொரு சுற்று. மஞ்சள் பூப்பூத்து, செடியிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு வயலுக்குள் களைக்கொத்து போடக் கூடாது, விழுது அறுந்துவிடும். அதனால் பெண்களுக்கு என் வயலில் வேலை இல்லை. இருக்கிற வேர்வையே போதும் என்று நிம்மதியாக இருந்தேன்.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. ஊரெல்லாம் மழைக்கு ஏங்கிக்கொண்டிருந்த நேரம், எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் கே.கே. நகரில் மெஷினை மிதித்தபடி வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். மண்ணுக்குள் கடலை திரள்கிற சமயம். பன்றிக்கு அதைவிட நல்ல வாசனை உலகத்தில் கிடையாது. என் வேலியோ மறுபடியும் துவைக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

மழை விட்ட மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். ஓடையின் அக்கரையில் புதுக் குளம்புத் தடம். வேலியிலிருந்து கல்லெறி தூரம்தான். நல்ல வேளையாக ஓடைத் தண்ணீர் அவற்றை அங்கேயே நிறுத்தியிருந்தது. தண்ணீர் வடிந்தால் அன்று சாயங்காலமே வரும். புடவைகளைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் சொட்டியது. முகர்ந்தேன். மழை வாசனை தவிர ஒன்றுமில்லை. தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வரப்பில் நின்று அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அண்ணி அந்தப் பக்கமாக மாட்டுக்குப் புல் எடுக்க வந்தவர் பார்த்துவிட்டார்.

“எதுக்கு அழுவுற? எல்லாரும் குளத்துலதான் இருக்காங்க. போயிக் கேளு.”

ஊர்க் குளத்தில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. வரத்து வாய்க்காலைத் தூர் வாருகிற வேலை. முப்பது பெண்களுக்கு மேல் அங்கே மண் சுமந்துகொண்டிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தலைவி அம்மாள் குரல் கொடுத்துவிட்டார்.

“நம்ம புடவைக்கெல்லாம் ஆபத்தாம்டி! ஓடுங்க, எடுத்துக்கிட்டு வாங்க!”

நம்ம புடவை என்றார். என் கடலை என்று சொல்லவில்லை. அந்தக் கிளிப் பச்சைக்காரிதான் முதலில் ஓடினாள். சாப்பாட்டு நேரத்துக்குள் ஈரப் புடவைகள் எல்லாம் குளக்கரைக்கு வந்து, வெயிலில் அரைகுறையாகக் காய்ந்து, ஆளுக்கு இரண்டாக இடுப்பிலும் தோளிலும் ஏறின. ஸ்ரீரங்கத்து ஒன்பது கஜமும் அபார்ட்மெண்ட் பூனம் புடவையும் நாத்தனார் எடுத்துக் கொடுத்ததும் வரிசையாக மண்கூடை சுமந்து கரையேறின. நானும் என் சுடிதாருக்கு மேல் ஒன்றைச் சுற்றிக்கொண்டு, என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல், அன்று முழுவதும் மண் சுமந்தேன். அவ்வளவு வேர்த்ததில்லை, அவ்வளவு சிரித்ததும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் கட்டி முடித்தோம். ஓரிடத்தில் மட்டும் இடைவெளி. அரக்குப் புடவை கிழிந்ததற்கு நான் ஒட்டுப் போட்டு வைத்திருந்த துண்டு மழையில் மறுபடி விட்டுப்போயிருந்தது. அண்ணி வீட்டுக்குப் போனார். முந்தின நாள் அவிழ்த்துப் போட்ட தன் நூல் புடவையை, சாணியும் அடுப்புக் கரியுமாக இருந்ததை, எடுத்துவந்து அந்த இடத்தில் கட்டினார். அண்ணன் தன் வயலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏய், அது உன் புடவை இல்ல?”

“ஆமா. உங்க தங்கச்சி தோத்தா நான் எங்க போய் மாடு வளக்குறது? மனைக் கல்லுக்கு நடுவுலயா?”

அண்ணிக்கும் விற்க இஷ்டமில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் அன்றுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அண்ணியிடம் அதை யாரும் கேட்டதில்லை, அண்ணனும்கூட.

அன்று அண்ணன் வீட்டிலேயே தங்கினேன். விடிந்தும் விடியாமலும் வயலுக்குப் போனேன். அண்ணியும் பின்னாலேயே வந்தார்.

அவை வந்திருந்தன. நனைந்த செம்மண்ணில் தடம் அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தது. பெரிய குளம்பு ஒன்று, நடுத்தரமாக இரண்டு, அவற்றைச் சுற்றிக் குட்டிக் குளம்புகள் எண்ண முடியாமல். ஓடையிலிருந்து நேராக வேலிக்கு வந்திருக்கின்றன. வேலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கின்றன. கிளிப் பச்சைக்குக் கீழே மூக்கு வைத்த பள்ளம் ஒன்று, அவ்வளவுதான், உடனே பின்வாங்கிய தடம். பிறகு வேலியை ஒட்டியே நடந்திருக்கின்றன. புடவை புடவையாக நான் கூடவே நடந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் நிற்பதாக நினைத்து, அறுபத்தெட்டுப் பேரையும் தாண்டி, மூலை திரும்பி, அண்ணியின் கரிப் புடவைக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்று, திரும்பி ஓடைக்கே போய்விட்டிருந்தன. உள்ளே ஒரு செடி அசையவில்லை.

“அண்ணி!” என்று கத்தினேன். இரண்டு பேரும் வரப்பில் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு வயதாகிறது.

அதற்குப் பிறகு பெண்கள் குளத்து வேலைக்குப் போன நாளெல்லாம் புடவைகளும் கூடப் போயின. ஒரு சாயங்காலம் நானே அந்தப் பன்றிகளைப் பார்த்தேன். ஓடைக்குள் தாய் ஒன்று கோரைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தது. முதுகில் கோடு போட்ட குட்டிகள் ஆறு அதைச் சுற்றி முட்டி மோதின. எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் வீட்டில் ஆறு வாய். கிழங்கைத் தின்றுகொள், கடலை என்னுடையது என்று மனசுக்குள் சொன்னேன். தாய் நிமிர்ந்து என் பக்கம் மூக்கைத் தூக்கியது. அன்று முழுக்க வேலை செய்திருந்தேன், நன்றாகவே நாறியிருப்பேன். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கரடு பக்கம் போய்விட்டது.

ஐப்பசியில் கடலை பிடுங்கினோம். தலைவி அம்மாள் முதல் செடியைப் பிடுங்கி உதறியதும், கொத்துக் கொத்தாகத் தொங்கிய காயைப் பார்த்துப் பெண்கள் குலவை போட்டார்கள். செடியைக் குவித்துப் போட்டு, சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். வேலி அவிழ்ந்தது. அவரவர் புடவை அவரவர் தோளுக்குப் போனது. அடுத்த பட்டத்துக்கு இதையே கட்டிக்கொண்டு வருகிறோம் என்று கேட்காமலே சொன்னார்கள். ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். “எங்காத்துப் புடவை ஜெயிச்சுதாம்மா?” என்று மாமி மூன்று முறை கேட்டார். பதினொன்றில் பத்து முழுசாக ஜெயித்தது என்றேன்.

அண்ணன் அன்று காலையிலேயே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயல் முழுக்க ஒருமுறை நடந்தார். முதலில் போன அந்த மூலையில் நின்றார். அதைத் தாண்டிப் பன்றி ஒரு செடியைத் தொடவில்லை என்பதை அவரே பார்த்துக்கொண்டார். பிறகு மூட்டை பிடிக்க வந்துவிட்டார். முட்டி வலியோடு அத்தனை மூட்டைக்கும் வாய் தைத்தார். தையல் கோணலாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் அண்ணி புதுக் கடலையை உப்புப் போட்டுப் பெரிய அண்டாவில் அவித்தார். ஆய்கிற பெண்களுக்குப் பழைய பேப்பரைச் சுருட்டி ஆளுக்கொரு பொட்டலமாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசிப் பொட்டலத்தை மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அண்ணன் கையில் வைத்தார். அந்தப் பேப்பர் மட்டும் வெள்ளையாக இருந்தது. எனக்கு அது எங்கே பார்த்தது என்று உடனே தெரிந்துவிட்டது. மஞ்சள் பையில் என் கடைக்கு வந்த ஒப்பந்த நகல்.

அண்ணனும் பார்த்தார். பொட்டலத்தைத் திருப்பி ஒரு வரி படித்தார். ஈரத்தில் எழுத்து கலங்கியிருந்தது. அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றார். பெண்கள் ஆய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவர் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டு மென்றார்.

“உப்பு சரியா இருக்கு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏம்மா, என் மூணு ஏக்கராவுக்கு எத்தனை புடவை வேணும்?” என்று கேட்டார்.

நான் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.